வந்துவிட்டதாம்

மகாராஜபுரத்து டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏப்பா, நம்ம ஊருக்கு வீட்டுக்கு வீடு நெட்டு வந்துருச்சாமே?" கேட்கிற நேரத்தில் என் தோளில் டிராப் வயர்ச் சுருள் தொங்கும். இடுப்புப் பையில் பவர் மீட்டர் இருக்கும். வந்ததா இல்லையா என்று ஊருக்குச் சொல்லவேண்டிய ஆளே நான்தான். அப்படியிருந்தும், டீ ஆறிவிடுமே என்ற அவசரத்தில், "ஆமண்ணே, வந்துருச்சாம்" என்று சொல்லி எத்தனையோ தடவை தப்பித்திருக்கிறேன்.

வந்துவிட்டது என்றால் கண்ணால் பார்த்தவன் பேச்சு. வந்துவிட்டதாம் என்றால் காதால் கேட்டவன் பேச்சு. வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஆம்' இருக்கிறதே, அதற்குள்தான் என் தொழில் முழுக்கக் கிடக்கிறது.

கச்சேரி மேடையில் பேர் வாங்கிய மகாராஜபுரம் எங்களுடையது இல்லை. சங்கீத கலாநிதி விஸ்வநாத ஐயரின் ஊர் தஞ்சாவூர்ச் சீமையில் இருக்கிறது. எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. சதுரகிரி மலை ஏறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் எங்களைத் தாண்டித்தான் போவார்கள். நெல், தென்னை, மா இவைதான் பிழைப்பு. ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற பையன்களும் உண்டு.

இந்தப் பேர்க் குழப்பத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் லைன் செத்துக் கிடக்கிறதென்று கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு பெண், "உங்க ஊர்ல எல்லாம் நல்லா இருக்கே சார், இங்க பச்சையாத்தான் காட்டுது" என்றது. இவர் இல்லை என்கிறார், அது பச்சை என்கிறது. கால் மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு மகாராஜபுரம். அன்று சிரித்துவிட்டோம். யோசித்தால் அதில் சிரிப்பு அதிகம் இல்லை. எங்கேயோ ஒரு திரையில் பச்சையாக இருக்கும் ஊர் எங்கள் ஊரின் பேரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதற்குப் பிறகும் பலமுறை நடந்தது. அப்போதெல்லாம் குழப்பத்துக்கு இரண்டு ஊர் தேவைப்படவில்லை.

*

1990-களின் பின்பாதியில், பிளஸ் டூவில் கணக்கு போன கையோடு, ஒரு கேபிள் டிவி அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தென்னை மரத்துக்கு மரம் கேபிள் கட்டுவதும், ஆம்ப்ளிஃபையர் பெட்டியைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதும், மாசக் கடைசியில் சந்தா வசூலிப்பதும் வேலை.

கேபிள் டிவி ஒரு நேர்மையான தொழில். அண்ணாச்சி நேர்மையானவரா என்பது வேறு கதை. தொழில் நேர்மையானது. படம் தெரியும், இல்லாவிட்டால் புள்ளி தட்டும். நான் தெருவில் நின்று ஜாயிண்டைத் திருகிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுத்துவிடும்: "தெரியுதுப்பா... இந்தா போயிருச்சு... ஆங், இப்பத் தெரியுது." அந்தப் பாட்டிதான் என் மீட்டர். பாட்டியை ஏமாற்றிவிட்டு நான் அடுத்த தெருவுக்குப் போக முடியாது.

நெட்டு வந்த பிறகு பாட்டியின் கையிலிருந்து மீட்டர் பிடுங்கப்பட்டுவிட்டது. நெட்டில் கோளாறு என்றால் சனங்கள் சொல்லும் ஒரே வார்த்தை, "சுத்துது." எது சுற்றுகிறது? போன் பழசா, வைஃபை சுவரைத் தாண்டவில்லையா, இழையில் வெளிச்சம் இல்லையா, மேலே கம்பெனிக் குழாயே அடைத்துக் கிடக்கிறதா, அந்த வெப்சைட்டே படுத்துவிட்டதா? அத்தனைக்கும் ஒரே வட்டம்தான் திரையில் சுற்றும். பழி யார் மேலும் போடலாம். பழி யார் மேலும் போடலாம் என்கிற தொழிலில் பழி கடைசியில் வாடிக்கையாளர் மேல்தான் விழும். "உங்க போனை மாத்துங்க" என்று நான் சொன்ன வீடுகளை எண்ணினால் விரல் போதாது.

*

முதலில் வந்தது செம்புக் கம்பி வழி நெட்டு. 2005 தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பேரில் தொலைபேசிக் கம்பியிலேயே பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கியது. அப்போது பிராட்பேண்ட் என்றால் என்ன என்பதற்கு அரசின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை ஓர் அளவு வைத்திருந்தது: 256 கே.பி.பி.எஸ். இன்றைக்கு ஒரு வீடியோ அந்த வேகத்தில் நொண்டிக்கூட நகராது. 2013-இல் அந்த அளவு 512 ஆனது. 2 எம்.பி.பி.எஸ். என்று அதை உயர்த்தியது 2023 ஜனவரியில்தான். கொரோனாவில் பள்ளிக்கூடம் முழுக்கப் போனுக்குள் போன இரண்டு வருஷமும், 512 வைத்திருந்த வீடு அரசுக் கணக்கில் பிராட்பேண்ட் வீடுதான். அளவு தாழ்வாக இருந்தால் எல்லாரும் உயரமானவர்கள்தானே.

செம்பில் இன்னொரு சிக்கல், தூரம். தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி நீள நீள வேகம் தேயும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் மோடம் பிடிப்பதே அதிசயம். ஊருக்குள் பிராட்பேண்ட் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மலைப்பக்கத் தோப்பு வீட்டில் இருப்பவர் அந்த நோட்டீஸைப் பார்த்து மனுப் போடுவார். சில மாதம் கழித்து, "உங்கள் தூரத்துக்கு முடியாது" என்று பதில் வரும். ஊருக்கு உண்டு, அவருக்கு இல்லை. ஊர்க் கணக்கில் மட்டும் அவரும் சேர்த்தி.

கண்ணாடி இழை வந்தபோது இந்தத் தூரப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். 2014 வாக்கில் அண்ணாச்சி ஒரு நெட்டு கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனார். என்னை மதுரைக்கு நாலு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கேதான் முதன்முதலில் ஸ்பிளைஸிங் மெஷினைப் பார்த்தேன். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்கு நடுவில் வெளிச்சம் ஓடும் வழி வெறும் 9 மைக்ரான். இரண்டு இழையின் நுனியையும் துடைத்து, கிளீவரில் வெட்டி, மெஷினில் வைத்தால் அது சின்ன மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். திரையில் இரண்டு நுனியும் மெல்ல நெருங்கி ஒன்றாவதைப் பார்த்தபோது, தாலி கட்டுகிற நேரம் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு எண் இன்றுவரை என்னை விடவில்லை. மைனஸ் 27.

பவர் மீட்டர் வீட்டுக்கு வந்து சேரும் வெளிச்சத்தை எப்போதும் மைனஸில்தான் காட்டும். மைனஸ் 18, 20 என்றால் சம்பிரமம். 24 என்றால் பரவாயில்லை. 27-ஐத் தாண்டினால் வீட்டுப் பெட்டிக்குக் கண் தெரியாது, சிவப்பு லைட் மினுக்க ஆரம்பித்துவிடும். இதில் சாதாரண ஆளுக்குத் தெரியாத சூட்சுமம் ஒன்று உண்டு: எண் 3 இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 24-க்கும் 27-க்கும் பார்க்க மூன்றுதான் வித்தியாசம், உள்ளே பாதி போய்விட்டது. நல்ல இழையில் கிலோமீட்டருக்கு அரைப் புள்ளிகூடக் குறையாது. கொள்ளை போவதெல்லாம் ஒரு இழையைப் பலதாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில், அழுக்குக் கனெக்டரில், ஆணியில் மாட்டி மடக்கிய வளைவில், அவசரத்தில் போட்ட ஜாயிண்டில். ஒரு 8 வழி ஸ்பிளிட்டர் மட்டும் பத்துக்கு மேல் விழுங்கிவிடும்.

மைனஸ் 26.5-இல் நிற்கும் வீடு இருக்கிறதே, அதுதான் என் தொழிலின் நரகம். காலையில் நான் போனால் பச்சை. ஆடிக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் வயர் ஆடினால் சிவப்பு. தென்னை மட்டை விழுந்து வயர் இழுபட்டால் சிவப்பு. மறுபடி நான் போகும்போது பச்சை. "நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்குண்ணே" என்பார்கள். டாக்டரைப் பார்த்ததும் போய்விடும் காய்ச்சல் மாதிரி.

*

வேகத்தின் கதை இதைவிடச் சுவையானது.

100 எம்.பி. பிளான் வாங்கிய ராஜபாளையத்துக்காரர் ஒருவர், "டவுன்லோடு பண்ணா பன்னெண்டுதான்யா காட்டுது, மிச்சம் 88-ஐ யாரு தின்னா?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். அவரை நான் ஏமாற்றவில்லை. கம்பெனி விற்பது பிட் கணக்கில், கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கில். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. பால் வியாபாரி லிட்டரில் சொல்லி, பாத்திரம் படியில் இருந்தால் வருகிற சண்டை இது. சொல்லிப் புரியவைத்துவிடலாம்.

புரியவைக்க முடியாதது ராத்திரி எட்டு மணி. கம்பெனிப் பெட்டியில் இழை கிளம்பும் வாய்க்கு ஜி-பான் போர்ட் என்று பேர். அப்படி ஒரு போர்ட்டிலிருந்து கீழே இறங்கும் மொத்த வேகம் ஏறத்தாழ 2,500 எம்.பி.பி.எஸ். அதை 64 வீட்டுக்குப் பிரிக்கலாம். அத்தனை வீட்டாரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுத்தால் வீட்டுக்கு 39 தான் வரும். ஆனால் 64 பேருக்கும் 100 என்று விற்கிறோம். இதில் திருட்டு இல்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் இப்படித்தான், எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கட்டுகிறார்கள். தொட்டிக்கு மேலே ஏறும் குழாயைப் பெரிதாக்காமல் கீழே குழாய்களை மட்டும் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் திருட்டு தொடங்குகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், புது இணைப்பு எத்தனை என்று வாராவாரம் கேட்பார்கள். மேலிருந்து வாங்கும் அளவைக் கூட்டலாமா என்று நான் கேட்டால், "அடுத்த மாசம் பாப்போம்ப்பா." அந்த அடுத்த மாசம் எந்த நாள்காட்டியிலும் இல்லை.

ஆனால் புது இணைப்பு போட்டதும் ஆப்பில் ஏற்றவேண்டிய வேகப் படத்தில் எப்போதும் 100 இருக்கும். எப்படி? காலை பதினொரு மணிக்கு, ஊர் வயலிலும் மில்லிலும் இருக்கும் நேரத்தில், பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு எடுப்போம். போட்டோ ஏறியதும் ஆப்பில் பச்சை டிக் விழும். ராத்திரி எட்டு மணிக்குப் பின்கட்டில் போய் எடு என்று எந்தக் கம்பெனியும் எனக்குச் சொன்னதில்லை. நானாகவும் போனதில்லை.

*

அரசின் பெரிய திட்டத்துக்கு வருகிறேன். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதுதான் பின்னால் பாரத்நெட் என்று பேர் மாறியது. முதல் ஒரு லட்சம் ஊராட்சி என்ற கட்டத்தை எட்டியது 2017 டிசம்பரில். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டான்ஃபிநெட், உருவானது. ஊராட்சிக்கு 1 ஜி.பி.பி.எஸ். என்பது இலக்கு. ஆசை பெரியது, தேவையும் பெரியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தனியார் கம்பெனி லாபம் பார்த்துத்தான் கம்பம் நடும். மலையடிவாரத்துக்கு அரசு இழை வந்தால்தான் உண்டு.

அந்தத் திட்டத்தின் அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'சேவைக்குத் தயார்'. தொழில்காரனாக அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கிறேன். ஊராட்சி வரைக்கும் இழை போய்விட்டது, பெட்டி மாட்டியாகிவிட்டது என்பதே அதன் பொருள். தயார் என்பது சமையல்காரர் பேச்சு. இலையில் விழுந்ததா என்பது பந்தியில் உட்கார்ந்தவன் பேச்சு.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், பேர் வேண்டாம், இப்படிப்பட்ட பெட்டி இருந்த ஓர் அறைக்கு நான் போக நேர்ந்தது. அதே கட்டடத்தில் வேறு வேலை. பெட்டி சுவரில் அம்சமாக இருந்தது. பேட்டரி இருந்தது. மேலே சோலார் தகடு இருந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அந்தப் பாயிண்டில் டேபிள் ஃபேனை மாட்டியிருந்தார்கள். வெயில் காலம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வீட்டுக்கும் வயர் போகவில்லை. போகாத வயரை யாரும் தேடவும் மாட்டார்கள். ஃபேன் நின்றால்தான் தேடுவார்கள்.

பெட்டியிலிருந்து வீடு வரை உள்ள அந்தக் கடைசி முன்னூறு மீட்டர்தான் என் உலகம். ஊர் ஊராக இழை இழுப்பதற்கு டெண்டர் உண்டு, வரைபடம் உண்டு, கோடிக் கணக்கு உண்டு. முன்னூறு மீட்டருக்கு ஏணி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், குறுக்கே இருக்கும் தோப்புக்காரரின் சம்மதம் வேண்டும், குரங்கு கடித்தால் மறுபடி வர ஒருத்தன் வேண்டும். ரோட்டில் குழி தோண்டும் ஜே.சி.பி. ஒரே அள்ளலில் ஒரு தெருவை அறுத்துவிடும். யானை இறங்கித் தென்னையைச் சாய்த்தால் வயரும் சேர்ந்து போகும். தொடங்கி வைப்பதற்கு ஆள் உண்டு. இரண்டாவது முறை வருவதற்குத்தான் யாரும் சம்பளம் வைக்கவில்லை.

*

வீட்டுக் கணக்கும் இதே மாதிரிதான். ஒருநாள் ஒரு வீட்டு மொட்டை மாடியில் வயர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே டேப்லட்டோடு ஒரு பெண் கணக்கெடுக்க வந்திருந்தது. எந்தக் கணக்கெடுப்போ எனக்குத் தெரியாது.

"வீட்ல இன்டர்நெட் வசதி இருக்கா பாட்டி?"

"இருக்குத்தா. பேரன் வச்சிருக்கான்."

அந்தப் பெண் ஆம் என்று தட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனது. பாட்டி பொய் சொல்லவில்லை. பேரன் போனில் நெட்டு இருக்கிறது. அவன் காலை ஆறு மணிக்கு ராஜபாளையம் மில் வேனில் ஏறினால் வீட்டு நெட்டும் அவனோடு வேனில் ஏறிவிடும். பொழுதடைந்து அவன் திரும்பினால் நெட்டும் திரும்பும். நடுவில் அந்த வீட்டில் இருப்பது பாட்டியும், எட்டாவது படிக்கும் பேத்தியும், சுவரில் ஒரு சார்ஜரும்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் இணையத்தோடு கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 3.1 சதவீதம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-இன் முதல் மூன்று மாதத்தில் எடுத்த தொலைத்தொடர்புக் கணக்கில் வீட்டு வளாகத்துக்குள் இணைய வசதி உள்ள வீடுகள் 86.3 சதவீதம். இரண்டும் பொய்யில்லை. கேட்ட கேள்விதான் வேறு. இடையில் போன் வந்து உட்கார்ந்துகொண்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2024 முடிவில் நாட்டின் பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 94 கோடி. அதில் வயர் வழி வந்தவை நாலு கோடிக்குச் சற்று மேல். மிச்சமெல்லாம் காற்றில் வருவது.

காற்றில் வருவதைக் குறைவாகப் பேசவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் இன்னும் இருட்டுதான். ஆனால் ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பாருங்கள். சதுரகிரிக்குப் போகிற சனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அத்தனை பேர் போனும் எங்கள் கோபுரத்தையே உறிஞ்சும். போனில் நாலு கோடு முழுசாகத் தெரியும், ஒரு படம் போகாது. அன்றைக்கு ஊரில் ஒழுங்காக ஓடுவது வயர் போன வீடு மட்டும்தான். அதுவும் 27-க்கு இந்தப் பக்கம் இருந்தால்.

*

இதுவரை அடுத்தவன் கணக்கைச் சொன்னேன். இனி என் கணக்கு.

பக்கத்து ஊரில் ஒரு பெண் சொந்தமாக இ-சேவை மையம் நடத்துகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா, முதியோர் பென்ஷன் மனு, இதெல்லாம் வேலை. எனக்கு அது தங்கச்சி மாதிரி. லைன் கொடுத்தது நான். 100 எம்.பி. பிளான். அந்தத் தொழிலுக்கு 100 தேவையே இல்லை, பத்து போதும். ஆனால் அறுந்துபோகாமல் வேண்டும். ஒரு கிழவர் கைரேகை வைக்க விரலைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது லைன் போனால் எல்லாம் முதலிலிருந்து. ஓ.டி.பி. காலாவதி ஆகிவிடும். அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்.

அங்கிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. போவேன், பெட்டியை அணைத்துப் போடுவேன், பச்சை எரியும், வேகப் படம் எடுப்பேன், ஆப்பில் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடுவேன். புகாரை 24 மணி நேரத்தில் மூடினால் எனக்குப் பாயிண்ட். மூடாமல் போனால் பிடித்தம்.

ஒரு புரட்டாசி மாதம், மறுபடி போனேன். தங்கச்சி சண்டை போடவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தது. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்கள். முன்பக்கம் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் அதன் கையெழுத்தில்: "10.20 போச்சு, 11.45 வந்துச்சு." "மதியம் முழுக்க இல்ல." "3 பேர் திரும்பிப் போனாங்க." "ஒரு பாட்டி, வத்திராயிருப்புக்கே போறேன்னுருச்சு."

"நீங்க வந்த நாளெல்லாம் தனியா வச்சிருக்கேண்ணே" என்றது.

நான் வந்த நாட்கள் ஒன்பது. ஒன்பதிலும் அன்று மாலையோ மறுநாளோ லைன் மறுபடி போயிருந்தது. என் போனை எடுத்து ஆப்பைப் பார்த்தேன். அதே ஒன்பது தேதி. ஒன்பதிலும் பச்சை டிக்.

கம்பெனி அந்த மாசத்துக்கு எங்கள் பகுதி எப்படி இருந்தது என்று மேலே சொல்லியிருந்தால், என் ஒன்பது பச்சையைக் கூட்டித்தான் சொல்லியிருக்கும். அதை யாரோ இன்னும் மேலே சொல்லியிருப்பார்கள். கடைசியில் ஏதோ ஒரு மேடையில் யாரோ ஒருவர், "வந்துவிட்டது" என்று சொல்லியிருப்பார். அந்த 'ஆம்' எங்கேயோ மேலே ஒட்டப்படுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டியவன் நான்.

அன்றைக்குப் பெட்டியைத் தொடவில்லை. மீட்டரை எடுத்தேன். மைனஸ் 26.8. வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மையத்திலிருந்து ஸ்பிளிட்டர் வரை ஒன்றரைக் கிலோமீட்டர், கண்மாய்க் கரை ஓரமாக. நாலாவது ஜாயிண்ட் பாக்ஸைத் திறந்தால், உள்ளே எறும்புக் கூடு. இழை, சுருட்டி வைக்கவேண்டிய தட்டில் இல்லாமல், மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. மூடியின் உள்பக்கம் மார்க்கரில் தேதி இருந்தது. என் கையெழுத்து. பொங்கலுக்கு முந்தின நாள் போட்ட ஜாயிண்ட். வீட்டுக்குப் போகிற அவசரம்.

வெட்டி, துடைத்து, மறுபடி ஒட்டினேன். இருபது நிமிஷ வேலை. அந்த இருபது நிமிஷத்தை மிச்சம்பிடிக்க ஒன்பது தடவை பெட்ரோல் போட்டு வந்திருக்கிறேன்.

திரும்பிப் போய் மீட்டரை வைத்தேன். மைனஸ் 20.9.

"சரியாப் போச்சா அண்ணே? எழுதிக்கிறவா?" என்று தங்கச்சி கேட்டது.

"இப்ப எழுதாதம்மா. ஒரு வாரம் போகட்டும். நீயே பாத்து எழுது."

*

கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். அது ஒரு சங்கதி சொன்னது. அமெரிக்காவில் வெகுகாலம், ஒரு சின்ன வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு நெட்டு கொடுக்க முடியும் என்று கம்பெனி சொன்னால், அந்த வட்டாரம் முழுக்க நெட்டு இருப்பதாகவே அரசு எடுத்துக்கொண்டதாம். 2022 நவம்பரில்தான் வீடு வீடாகக் குறிக்கும் புது வரைபடம் வந்தது. என் வீட்டுக்கு இல்லை என்று வீட்டுக்காரரே அதில் ஆட்சேபம் சொல்லலாம். இங்கிலாந்தில் 2018 மே மாதத்திலிருந்து, ராத்திரி எட்டிலிருந்து பத்து மணி வரைக்கும் பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அதுவரைக்கும் பத்துப் பேரில் ஒருத்தருக்குக் கிடைத்தாலே அந்த வேகத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

அதைக் கேட்டபோது எனக்கு நாள்காட்டித் தாள்தான் ஞாபகம் வந்தது. அந்த நாடுகளில் விதி போட்டு வாங்கிய அறிவு, பக்கத்து ஊரில் ஒரு மேஜை டிராயரில் ஏற்கனவே இருந்தது. நெட்டு இருக்கிறதா என்று கொடுப்பவனைக் கேட்காதே, வாங்குபவரைக் கேள். காலையில் கேட்காதே, ராத்திரி கேள். ஒருநாள் கேட்காதே, ஒரு மாசம் கேள். பழைய கேபிள் பாட்டியின் கையில் மீட்டரைத் திருப்பிக் கொடு. இதற்கு மேல் இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

நான் செய்வதெல்லாம் சின்ன வேலைகள்தான். இணைப்பு கொடுத்ததும் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதியும் மீட்டர் எண்ணும் எழுதி, "இது 25-ஐத் தாண்டினா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்கிறேன். அடுத்து யார் வேலைக்கு வந்தாலும் அந்த எண் சாட்சி சொல்லும். முடிந்த நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டரை மணிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கிறேன். கம்பெனியில் பாயிண்ட் குறைந்தது. சில மாசம் பிடித்தமும் ஆனது. மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம்.

போன வாரம் டீக்கடையில் மறுபடி அதே கேள்வி. கேட்டவர் மேற்கே தோப்பு வைத்திருக்கும் பெரியவர்.

"ஏப்பா, வீட்டுக்கு வீடு நெட்டு வந்துருச்சாமே?"

"யார் வீட்டைக் கேக்குறீங்க பெரியப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, என் வீட்டைத்தான் சொல்லேன்."

"உங்க வீட்ல மைனஸ் 24. இப்பப் பரவால்ல. ஆடிக் காத்து அடிக்கட்டும், வந்து பாத்துட்டுச் சொல்றேன்."